வெண்ணெய்ப்பூண்டும் அழுகண்ணியும்

பூச்சிகளைப் பிடித்து உண்ணும் செடிகள் உலகில் உண்டு என்பதை நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். குடுவைச் செடியின் படம் ஒன்று பாடநூலில் இருக்கும். ஆசிரியர் அதைக் கரும்பலகையில் வரைவார், நாமும் வரைவோம், தேர்வில் ஐந்து மதிப்பெண் பெறுவோம். அத்தோடு அந்தப் பாடம் முடிந்துவிடும். அத்தகைய செடி ஒன்றை நம் அறையின் சன்னலோரத்தில் வளர்க்கலாம் என்று நான் எண்ணியதில்லை. அதே கூட்டத்தைச் சேர்ந்த வேறொன்று நம் ஊர் ஏரிக்கரையில் நம் காலடியிலேயே வளர்கிறது என்பதும் எனக்குத் தெரியாது.

கடந்த மூன்று ஆண்டுகளாக இச்செடிகளோடு பழகி வருகிறேன். சிலவற்றை வளர்த்திருக்கிறேன், சிலவற்றைக் கொன்றும் இருக்கிறேன். வளர்த்ததில் கற்றதைவிடக் கொன்றதில் கற்றதே மிகுதி. அதைச் சங்க இதழில் எழுதும்படி நண்பர்கள் கேட்டார்கள். என் தவறுகளைப் படித்தவர்கள் அவற்றை மீண்டும் செய்ய வேண்டியதில்லை அல்லவா? அதனால் இசைந்தேன்.

என்னைப் பற்றி ஒரு சொல். நான் தாவரவியல் முதுகலை மாணவன். எங்கள் குடும்பம் குடியாத்தத்திலிருந்து சித்தூருக்குக் குடிபெயர்ந்த குடும்பம். படிப்பின் பொருட்டுத் திருப்பதியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஆகவே இக்கட்டுரையில் சித்தூர் வீடும் திருப்பதி அறையும் மாறி மாறி வரும்.

செடிக்கு ஏன் பூச்சி?

செடி தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது. கதிரவன் ஒளியும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் நீரும் இருந்தால் போதும். இலை சர்க்கரையை ஆக்கிவிடும். பூச்சியுண்ணும் செடிகளும் இதற்கு விலக்கல்ல. அவற்றின் இலைகளும் பச்சையே. அவையும் ஒளியைக் கொண்டு சர்க்கரை ஆக்குகின்றன. பின் பூச்சி எதற்கு?

சர்க்கரை மட்டும் இருந்தால் உடல் வளராது. புரதம் ஆக்க நைட்ரஜன் வேண்டும். உயிரணுக்களின் வேலைக்குப் பாஸ்பரஸ் வேண்டும். ஏனைய செடிகள் இவற்றை வேரின் வழியே மண்ணிலிருந்து பெறுகின்றன. ஆனால் ஓயாது நீர் கசியும் பாறைச் சரிவுகளிலும், சதுப்பு நிலங்களிலும், மழையில் அலசப்பட்ட மணற்பரப்புகளிலும் இச்சத்துகள் மிகக் குறைவு. அங்கே வாழ நேர்ந்த சில செடிகள், மண் கொடுக்காததைப் பறக்கும் பூச்சியிடம் பெறக் கற்றுக்கொண்டன. இன்று உலகில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் இவ்வாறு வாழ்கின்றன.

இதை நூலாக எழுதி நிலைநாட்டியவர் சார்லஸ் டார்வின். 1860ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ட்ரோசெரா என்னும் சிறு செடியின் இலைகளில் பூச்சிகள் ஒட்டிக் கிடந்ததைக் கண்டார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1875இல், பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. பூச்சி உண்பதால் செடிக்கு மெய்யாகவே நன்மை உண்டா என்று அப்போதும் சிலர் ஐயுற்றனர். அவருடைய மகன் பிரான்சிஸ் டார்வின் 1878இல் ட்ரோசெராச் செடிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் இறைச்சித் துணுக்குகளை ஊட்டினார். ஊட்டிய செடிகள் மிகுதியான பூந்தண்டுகளும் விதைகளும் தந்தன. ஐயம் தீர்ந்தது.

ஆனால் இவ்வாழ்க்கைக்கு ஒரு விலை உண்டு. பசையும் செரிமான நீரும் சுரப்பதற்குச் செடி தன் சர்க்கரையைச் செலவிட வேண்டும். ஆகவே ஒளியும் நீரும் மிகுந்து, சத்து மட்டும் குறைந்த இடத்தில்தான் இத்தொழில் கட்டுப்படியாகும். 1984இல் கிவ்னிஷ் என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தவர்களும் இந்த வரவுசெலவுக் கணக்கை விளக்கினர். ஒளி மிகுதி, நீர் மிகுதி, சத்துக் குறைவு ஆகிய இம்மூன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். வளர்க்கும் முறை முழுவதும் இதற்குள் அடங்கும்.

வெண்ணெய்ப்பூண்டு

பிங்குயிகுலா என்பது ஒரு செடிக் குடும்பப் பிரிவின் பெயர். இலத்தீனில் கொழுப்பு என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. இலையைத் தொட்டால் வெண்ணெய் தடவியதுபோல வழவழப்பாக இருக்கும். ஆங்கிலேயர் பட்டர்வொர்ட் என்பர். நாம் வெண்ணெய்ப்பூண்டு என்றே அழைப்போம். வடக்கு ஐரோப்பாவில் இதன் இலைகளின் மேல் பாலை வடிகட்டித் தோய்க்கும் வழக்கம் இருந்தது. இதனை லின்னேயஸ் 1737இல் எழுதி வைத்திருக்கிறார்.

இதில் ஏறத்தாழ 100 இனங்கள் உள்ளன. நம் நாட்டில் இமயத்தின் உயரமான ஈரச் சரிவுகளில் பிங்குயிகுலா அல்பைனா வளர்கிறது. தென்னாட்டில் இயற்கையாக ஒன்றும் இல்லை. மெக்சிகோ நாட்டு மலைகளிலேதான் இனங்கள் மிகுதி.

தரையோடு படிந்த ரோசாப்பூப் போன்ற இலையடுக்கு. நடுவிலிருந்து நீண்ட காம்பில் ஊதாவோ இளஞ்சிவப்போ ஆன ஒரு பூ. பார்ப்பதற்குச் சாது. உருப்பெருக்கியில் பார்த்தால்தான் உண்மை தெரியும். இலையின் மேல் இருவகைச் சுரப்பிகள் நிறைந்துள்ளன. காம்புள்ள சுரப்பிகளின் நுனியில் பசைத்துளி நிற்கிறது. கொசுகு வந்து அமர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். அது திமிறத் திமிற, காம்பில்லாத சுரப்பிகள் செரிமான நீரைச் சுரந்து அதைக் கரைக்கின்றன. கரைந்த சத்தை இலையே உறிஞ்சுகிறது. சில நாளில் வெறுங்கூடு மட்டும் எஞ்சும். பூ மட்டும் உயரத்தில் நிற்பதால், மகரந்தம் கொண்டுவரும் பூச்சி பெரும்பாலும் இலையில் சிக்குவதில்லை.

முதற்செடி இறந்த கதை

மூன்று ஆண்டுகளுக்கு முன் சேமித்த பணத்தில் ஒரு நாற்றங்காலிலிருந்து தபாலில் ஒரு வெண்ணெய்ப்பூண்டு வரவழைத்தேன். இலைகள் உள்ளங்கை அகலம்கூட இல்லை. திருப்பதி அறையின் கிழக்குச் சன்னலில் வைத்தேன். முதல் மாதம் செழித்தது. ஒரே வாரத்தில் பதினொரு கொசுகுகளை எண்ணினேன். அறை நண்பர்கள் தெலுங்கில் கேலி செய்தாலும் நாள்தோறும் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

நாற்றங்காலார் அனுப்பிய தாளில், உப்பில்லாத நீரே ஊற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் கேட்கவில்லை. காரணம், நான் கொஞ்சம் படித்திருந்தேன். மெக்சிகோவின் வெண்ணெய்ப்பூண்டுகள் பல, சுண்ணாம்புப் பாறையிலும் ஜிப்சப் பாறையிலும் வளர்பவை என்று படித்திருந்தேன். சுண்ணாம்பில் வளரும் செடிக்கு நம் ஆழ்துளைக் கிணற்று நீர் என்ன தீங்கு செய்யும் என்று வாதிட்டுக் குழாய் நீரையே ஊற்றினேன்.

மூன்றாம் மாதம் இலை விளிம்புகள் பழுப்பேறின. பசை வற்றியது. நீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஊற்றினேன். நான்காம் மாதம் செடி இறந்தது. தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவம் ஒன்று பூத்திருந்தது. நாக்கில் வைத்தேன், கரித்தது.

பிறகுதான் ஆய்வுக்கூடத்தில் அந்த நீரை அளந்து பார்த்தேன். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 800 மில்லிகிராம் உப்புகள் கரைந்திருந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 30 மில்லிலிட்டர் நீர் ஆவியாகிறது என்று கொள்வோம். நீர் போகும்; உப்புப் போகாது. நாளுக்கு 24 மில்லிகிராம். நூறு நாளில் 2.4 கிராம். அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு, ஒரு கை மண்ணில்! குழம்பு வற்ற வற்றக் கரிப்பது நமக்குத் தெரியாததா?

பாறையில் வளரும் செடியை மழை ஓயாது கழுவுகிறது. தொட்டியில் வளரும் செடியைக் கழுவுவார் யார்? மேலும் நம் நீரில் இருப்பது சுண்ணாம்பு மட்டும் அன்று. சோடிய உப்பும் உண்டு. நான் படித்தது பொய்யன்று. பாதி படித்துவிட்டு முழுதும் தெரிந்ததாக எண்ணியதே பிழை.

வளர்க்கும் முறை

இப்போது முறையைச் சொல்கிறேன். நம் வெப்பத்திற்கு ஏற்றவாறு நான் செய்து பார்த்தவை இவை.

இனம்: ஐரோப்பிய இனங்களுக்கு உறைபனிக் குளிர் வேண்டும், சமவெளியில் அவை பிழைக்கமாட்டா. மெக்சிகோ இனங்களான மோரனென்சிஸ், ஜைகான்டியா ஆகியவையும் அவற்றின் கலப்புகளும் தொடக்கத்திற்கு ஏற்றவை. நாற்றங்காலில் பெருக்கிய செடியா என்று கேட்டு வாங்குங்கள். உரிய அனுமதியின்றி வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்காதீர்கள். செடி இறக்குமதிக்கு 2003ஆம் ஆண்டு ஆணையின் கட்டுப்பாடுகள் உள்ளன.

மண்: தோட்டமண், மண்புழு உரம், சாணம் எதுவும் கூடாது. பெர்லைட் இரண்டு பங்கு, வெர்மிகுலைட் ஒரு பங்கு, நன்கு கழுவிய பருமணல் ஒரு பங்கு. கடல்மணல் ஆகாது. தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும். பலமுறை ஊறவைத்துப் பிழிந்தாலன்றிச் சேர்க்காதீர்கள். மணலைச் சோதிக்க ஒரு வழி உண்டு: தூய நீரில் ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் அந்நீரை டி.டி.எஸ். மீட்டரால் அளங்கள். அளவு ஏறியிருந்தால் மீண்டும் கழுவுங்கள். தொட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். சுட்ட மண்தொட்டி உப்பை ஈர்த்து வைத்துக்கொள்ளும்.

நீர்: மழைநீர் முதல்தரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டைமாடியில் சுத்தமான வாளியை வைத்துப் பிடித்து, மூடி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மழை கூரைத்தூசியைக் கொண்டுவரும், அதை விட்டுவிடுங்கள். மழைநீர் தீர்ந்தால் ஆர்.ஓ. நீர். கடையில் வாங்கும் கேன் நீர் எல்லாம் ஒன்றல்ல. சுவைக்காகத் தாதுக்களைச் சேர்ப்பதும் உண்டு. லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கிறதா என்று அளந்து பார்த்து ஊற்றுங்கள். தொட்டியின் கீழ் ஒரு தட்டு வைத்து, அதில் ஒரு சென்டிமீட்டர் உயரம் நீர் விடுங்கள். அது வற்றி இரண்டொரு நாள் ஆனபின் மறுபடி விடலாம். இலையடுக்கின் நடுவில் நீர் தேங்க விடாதீர்கள்.

ஒளி: கிழக்குச் சன்னல் நன்று. காலை வெயில் இரண்டு மணிநேரம் போதும். சித்திரை நண்பகல் வெயில் இலையைப் பொசுக்கிவிடும். சன்னல் இல்லாதவர்கள் எல்.இ.டி. குழல்விளக்கைச் செடிக்கு ஓரடி உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்கு 12 மணிநேரம் எரியவிடலாம். ஒளி போதுமானால் இலையில் இளஞ்சிவப்பு ஏறும். போதாவிட்டால் இலை நீண்டு வெளிறிப் பசை குறையும்.

வெப்பம்: நமக்கு இதுவே பெருந்தொல்லை. திருப்பதிக் கோடை 40 பாகையைத் தாண்டும். இச்செடியோ 30 பாகைக்குள் இருந்தால் மகிழும். அகன்ற மண்சட்டி ஒன்றில் மணலை நிரப்பி ஈரமாக்கி, அதன் நடுவே வெற்றுத் தட்டின் மேல் செடித்தொட்டியை வைக்கிறேன். சட்டியின் ஈரம் ஆவியாகும்போது சுற்றிலும் குளிர்கிறது. பானைத் தண்ணீர் குளிர்வதும் இவ்வாறே. சட்டி மணலுக்குக் குழாய் நீர் போதும். அது செடியின் மண்ணைத் தொடலாகாது. மாடி அறையைவிடத் தரைத்தள அறை நல்லது. கண்ணாடிப் புட்டிக்குள் அடைத்து வெயிலில் வைத்தால் செடி வெந்துபோகும்.

உணவு: அறையில் பறக்கும் கொசுகுகளே போதும். ஒன்றும் கிடைக்காத மாதத்தில் மீனுக்குப் போடும் பொடியில் ஒரு சிட்டிகையை நீரில் நனைத்து ஓரிரு இலைகளில் தடவலாம். இறைச்சி, பால், சோறு வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வேருக்கு உரம் இடவே கூடாது.

குளிர்கால இலைகள்

முதற்செடி போனபின் இன்னொன்று வாங்கினேன். அது மார்கழி வரை நன்றாக இருந்தது. அப்போது களப்பணிக்காக இரண்டு வாரம் வெளியூர் செல்ல நேர்ந்ததால், சித்தூர் வீட்டில் அம்மாவிடம் ஒப்படைத்துச் சென்றேன். நீரைப் பற்றி மட்டும் சொன்னேன். மற்றொன்றைச் சொல்ல மறந்தேன்.

மெக்சிகோவின் மலைகளில் குளிர்காலம் வறண்ட காலம். அப்போது பூச்சியும் குறைவு. ஆகவே பல வெண்ணெய்ப்பூண்டுகள் பசையுள்ள அகன்ற இலைகளை விட்டுவிட்டு, சிறிய, தடித்த, பசையற்ற இலைகளை நெருக்கமாக விடும். இது நோயன்று, உறக்கம். இக்காலத்தில் மண் சற்றே ஈரமாக இருந்தால் போதும்.

அம்மா அதைக் கண்டார். பிள்ளை ஆசையாக வளர்க்கும் செடி சுருங்கிப் போகிறதே என்று துடித்தார். காலையும் மாலையும் நான் கொடுத்த நீரையே ஊற்றினார். போதாதென்று அரிசி கழுவிய கழுநீரும் ஒரு கரண்டி விட்டார். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையும் மல்லிகையும் அவர் கையால் அப்படித்தான் வளர்ந்தவை.

நான் திரும்பி வந்தபோது செடியின் நடுக்குருத்து கறுத்து அழுகியிருந்தது. “நான் ஒண்ணும் குறை வைக்கலியே கண்ணு” என்றார் அம்மா. அவர் குரல் உடைந்திருந்தது. குறை வைத்திருந்தால் அது பிழைத்திருக்கும் என்று எப்படிச் சொல்வது?

வெளிவட்டத்து இலைகளில் ஐந்து மட்டும் திடமாக இருந்தன. அவற்றை அடியில் வெண்மையான பகுதியோடு சேர்த்து மெல்லப் பிய்த்தேன். ஈர மணல்மேல் படுக்க வைத்து, துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவால் மூடினேன். அம்மா நாள்தோறும் திறந்து பார்ப்பார், ஒன்றும் ஊற்றமாட்டார். ஐந்தாம் வாரம் மூன்று இலைகளின் அடியில் கடுகளவு குருத்துகள் எழுந்தன. இன்று என்னிடமும் நண்பர்களிடமும் உள்ள செடிகள் அனைத்தும் அம்மூன்றின் வழிவந்தவையே. குளிர்கால இலைகளே இவ்வாறு பெருக்குவதற்கு மிக ஏற்றவை என்பதை அன்று கற்றேன்.

அழுகண்ணி

இனி, நம் ஊர்ச் செடிக்கு வருவோம். டார்வின் கண்ட ட்ரோசெராவின் உறவினங்கள் இரண்டு, பர்மானியும் இண்டிகாவும், நம் பக்கத்து ஈர மணற்பாங்குகளில் மழைக்குப் பின் முளைக்கின்றன. இவற்றையே சித்த மருத்துவம் அழுகண்ணி என்னும். இலை நுனிகளில் கண்ணீர்த்துளிபோலப் பசை நிற்பதைக் கண்டு நம் முன்னோர் இட்ட பெயர் எவ்வளவு பொருத்தம்! பர்மானி ஒரு ரூபாய் நாணயத்தளவு சிவந்த இலையடுக்கு. பூச்சி பட்டால் அதன் விளிம்பு முடிகள் சில நொடிகளிலேயே மடங்கும். இண்டிகா மெல்லிய நீண்ட இலைகளோடு நிமிர்ந்து நிற்கும்.

வெண்ணெய்ப்பூண்டு இறந்த அதே ஆண்டு, சித்தூருக்கு வெளியே ஓர் ஏரிக்கரையின் கசிவுமணலில் பர்மானியைக் கண்டேன். இருபது, முப்பது செடிகள் இருக்கும். ஒன்றை மண்ணோடு தோண்டி எடுத்து வந்தேன். ஒரு வாரத்தில் அது இறந்தது. அதன் வேர் மெல்லியது, பெயர்த்தால் அறுந்துவிடும். மேலும் நம் பக்கத்தில் அது பெரும்பாலும் ஒரு பருவச் செடி. மழையில் முளைத்து, பூத்து, விதை உதிர்த்து, கோடைக்கு முன் மடியும். நான் எடுத்தபோது அதில் பூந்தண்டு இருந்தது. அதாவது நான் எடுத்தது ஒரு செடியை அன்று. மறு ஆண்டின் செடிகளை.

அடுத்த கார்த்திகையில் மன்னிப்புக் கேட்பவனைப்போல அங்கே போனேன். அந்த இடத்தில் செம்மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். கசிவும் இல்லை, மணலும் இல்லை, அழுகண்ணியும் இல்லை. அவ்விடம் எப்படியும் அழிந்திருக்கும். என் ஒரு செடியால் அழியவில்லை. ஆயினும், அங்கே விதையாகியிருக்கக்கூடிய ஒன்றை நான் வீணாக்கினேன் என்பது உறுத்துகிறது.

மேகாலயத்தின் குடுவைச் செடியான நெப்பந்தஸ் காசியானாவைப் பாருங்கள். காரோ மக்கள் அதனைப் பேய்க்கூடை என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். அழகுக்காகப் பலரும் தோண்டி எடுத்ததும், சுரங்கங்களும் காடழிப்பும் சேர்ந்து அதை அருகச் செய்தன. இன்று சட்டம் அதைக் காக்க வேண்டியிருக்கிறது. அழுகண்ணிக்கு அந்நிலை வரவேண்டுமா? நம் சேஷாசலம் மலைகள் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. அங்குள்ள ஸ்ரீவேங்கடேசுவர தேசியப் பூங்காவிலிருந்து அனுமதியின்றிச் செடிகளைப் பிடுங்கி வருவது குற்றம். ஏரிக்கரையில் தடுக்க யாரும் இல்லை. அங்கே நம் மனமே காவல்.

ஆகவே நண்பர்களே, நான் கண்ட முடிவு இது. வெண்ணெய்ப்பூண்டை அறையில் வளருங்கள். ஓர் இலையிலிருந்து நூறு ஆக்கலாம். அழுகண்ணியை அது நிற்கும் இடத்திலேயே சென்று பாருங்கள். முழங்காலிட்டு உருப்பெருக்கியோடு அரைமணி நேரம் இருங்கள். கொத்தும் கரண்டியும் வேண்டாம். இரண்டும் நம்மிடம் கேட்பது ஒன்றே: கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், எடுப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

வரும் கார்த்திகையில் மழை நின்ற முதல் ஞாயிறு நாங்கள் சிலர் சித்தூர்ப் பக்கத்து ஏரிக்கரைகளுக்குப் போக எண்ணியுள்ளோம். வர விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். வெண்ணெய்ப்பூண்டு வளர்க்க ஆசைப்படுவோர் தை மாதம் என் அறைக்கு வாருங்கள். ஆளுக்கு இரண்டு இலைகள் தருகிறேன். ஊருக்குப் போகும்போது மட்டும் அதை யாரிடமேனும் ஒப்படைக்க நேர்ந்தால், என் அம்மாவிடம் ஒப்படைக்கலாம். இப்போது அவர் எங்கள் அனைவரையும்விடக் கைதேர்ந்தவர். “இதுக்கு ஒண்ணும் கொடுக்காம இருக்கணும், அவ்வளவுதானே?” என்கிறார்.